குமரி மாவட்ட மருத்துவர்களுக்கும் மருந்துக்கடை நடத்துவோருக்கும்: எடைக்குறைப்பு ஊசி பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை மருந்துக்கடை நடத்தும் சகோதரர்களுக்கும் வணக்கம்.

தக்கலைக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 63. கடந்த 13 மாதங்களாக, வியாழக்கிழமைதோறும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறேன். அந்த ஊசி எனக்கு என் கால்களைத் திருப்பிக் கொடுத்தது. அதே வகையைச் சேர்ந்த இன்னோர் ஊசி, என் தங்கை மகளைக் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரிப் படுக்கையில் தள்ளியது. இரண்டையும் ஒரே குடும்பத்துக்குள் பார்த்துவிட்டதால்தான் இந்த மடல்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. என் உயரம் 156 சென்டிமீட்டர். எடை 91 கிலோ இருந்தது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோயின. எந்த டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே வந்து விழும் வாக்கியம் ஒன்றுதான்: “வாயைக் கட்டுங்கள் டீச்சர்.”

கட்டினேன். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வீட்டில் மணக்கிற நாளில் அடுக்களைப் பக்கம் போகாமல் இருந்தேன். விடியற்காலையில் நடந்தேன். ஆறு கிலோ குறையும். ஒரு வருடத்துக்குள் ஏழாகத் திரும்பி வரும். நான்கு முறை இப்படி ஆனது. நான்காம் முறை டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இரண்டு வருடம் நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.1 சதவீதத்துக்கு ஏறியது.

எடை குறைந்தவுடன் உடம்பு அதை இழப்பாகக் கருதித் திருப்பி எடுக்கப் பார்க்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. போதும் என்று சொல்லும் ஹார்மோன்கள் குறைகின்றன. உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் உங்களில் எத்தனை பேர் இதை நோயாளியிடம் ஒரு முறையாவது சொல்லியிருக்கிறீர்கள்? எங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்றுதான் நாங்களே நம்பிக் கொண்டிருந்தோம். இதை எனக்கு முதலில் விளக்கிச் சொன்னவர், 2025-இல் நான் போய்ச் சேர்ந்த ஒரு சர்க்கரை நோய் மருத்துவர். அவர் எனக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினார்.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்கு நிறைவைச் சொல்கிறது. இயற்கையாகச் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். நான் போடுவதுபோன்ற வார ஊசி ஒரு வாரம் நின்று வேலை செய்யும். ஜிஎல்பி-1 வகை மருந்துகளில் முதலில் வந்த எக்செனடைட், கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைநிலத்து நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்ட ஒரு பொருளை அடியொற்றிப் பிறந்தது. 2005-இல் சர்க்கரை நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான் இன்னும் வகுப்பில் இருந்திருந்தால் ஒரு பீரியட் முழுவதும் இந்தப் பல்லியைப் பற்றியே பேசியிருப்பேன். பிறகு செமாகுளுடைட் வந்தது. அதன்பின் டிர்செபடைட், அதாவது 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த மருந்து. நான் போடுவது அதைத்தான்.

என்ன மாறியது என்று கேட்பவர்களிடம் கிலோ கணக்கைச் சொல்வதற்கு முன் ஒரு மாலை நேரத்தைச் சொல்வேன். தக்கலை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. நான்கு மணிக்கு அங்கே பழம்பொரி எண்ணெயிலிருந்து வெளியே வரும். ஏத்தன் பழமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த அந்த மணம் இருபது வருடமாக என்னைப் பிடித்து நிறுத்தியது. வாங்கினாலும் குற்ற உணர்ச்சி, வாங்காமல் பஸ் ஏறினாலும் வீடு வரை அதே நினைப்பு. ஊசி தொடங்கிய ஆறாவது வாரம் அந்தக் கடையைக் கடந்து போய் பஸ்ஸில் உட்கார்ந்து, பஸ் வில்லுக்குறி தாண்டிய பிறகுதான் பழம்பொரி ஞாபகம் வந்தது. மண்டைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரேடியோவை யாரோ அணைத்ததுபோல இருந்தது. பஸ்ஸில் அழுதேன். மற்றவர்கள் எல்லோரும் இத்தனை காலமும் இப்படித்தான் அமைதியாக இருந்திருக்கிறார்களா என்று நினைத்து அழுதேன்.

13 மாதத்தில் எனக்கு 10 கிலோ குறைந்தது. ஏமாற்றமாகத் தோன்றலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளில் எடை குறைவாகத்தான் இறங்கும். செமாகுளுடைட் ஆய்வுகளில் 68 வாரத்தில் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு 10 சதவீதத்தைத் தொடவில்லை. இதையும் என் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. சராசரிச் சர்க்கரை 6.8-க்கு வந்தது. போன ஓணம் விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு பத்மநாபபுரம் அரண்மனையின் செங்குத்தான மரப்படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நானே ஏறினேன்.

என் எடையைத் தாண்டியும் இதன் பயன் இருக்கிறது. இதயநோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத, பருமனான 17,604 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. செமாகுளுடைட் போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்திருந்தன. 2024-இல் வந்த இன்னோர் ஆய்வில், சர்க்கரையோடு சிறுநீரகமும் பழுதுபட்டவர்களிடம் சிறுநீரகம் மோசமாவதும் சிறுநீரக, இதயநோய் மரணங்களும் சேர்ந்து 24 சதவீதம் குறைந்தன. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை ஆட்டோ பிடித்துப் போகும் மூன்று பேரை என் தெருவிலேயே எனக்குத் தெரியும். எனவே “இதெல்லாம் பணக்காரர்களின் அழகுச் சாதனம்” என்று ஒதுக்கும் டாக்டர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி என் தங்கை மகளின் கதை. வயது 24. உயரம் 160, எடை 66 கிலோ. அதாவது பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 26-க்குச் சற்றுக் கீழே. அவளுக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. இந்த மருந்து எடைக்காக அனுமதிக்கப்பட்டதே பிஎம்ஐ 30-ஐத் தொட்டவர்களுக்கும், 27-ஐத் தொட்டு, எடையோடு சேர்ந்த வேறு நோயும் உள்ளவர்களுக்கும்தான். முகூர்த்த ரவிக்கைக்கு அளவெடுத்த தையல்காரி ஏதோ ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். அன்று மாலையே பிள்ளை ஒரு மருந்துக்கடைக்குப் போய் செமாகுளுடைட் பேனா (பேனா வடிவ ஊசி) கேட்டிருக்கிறாள். கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்கவில்லை. வேறு நோய் உண்டா, வேறு மாத்திரை உண்டா என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டிருக்கிறார். நாள் குறைவு என்று தெரிந்ததும், முதல் மாதம் 0.25 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டிய மருந்தில், 1 மில்லிகிராம் பேனாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பேனா ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பையில், ஐஸ் துண்டுகூட இல்லாமல் வீட்டுக்கு வந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து. அவள் அம்மா கண்ணில் படாமலிருக்க, குளிர்பெட்டியில் தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், மீன் வைக்கும் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் இரவில் வாந்தி தொடங்கியது. கஞ்சித் தண்ணீர்கூட நிற்கவில்லை. பித்தம் என்று என் தங்கை இஞ்சிச்சாறு கொடுத்தாள். நான்காம் நாள் பிள்ளை எழுந்து நிற்க முடியாமல் குளியலறை வாசலில் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்று டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். உணவு நச்சா, மஞ்சள்காமாலையா, ஏதாவது மன வருத்தமா என்றெல்லாம் கேட்டார்கள். எடை குறைக்க ஏதாவது எடுக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரவு நான் துணைக்கு இருந்தபோது, போர்வைக்குள்ளிருந்து அவள் சொன்னாள்: “பெரியம்மா, உங்கள் ஊசிதான். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன்.”

என் ஊசி நல்லது செய்தது என்று சொந்தக்காரர்கள் வீடெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். என்னிடம் கேட்கப்பட்ட நாற்பது நிமிடக் கேள்விகளைப் பற்றி யாரிடமும் நான் சொல்லவில்லை. இந்த மடலில் பாதிக்குக் காரணம் அந்த உறுத்தல்தான்.

அந்த நாற்பது நிமிடத்தில் என்னிடம் என்னவெல்லாம் கேட்கப்பட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். எலிகளில் இந்த மருந்து தைராய்டுக் கட்டிகளை உண்டாக்கியது. மனிதர்களிடம் அது நிறுவப்படவில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட குடும்பத்தாருக்குக் கொடுக்கக் கூடாது. கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா என்று கேட்டார். எடை வேகமாக இறங்கும்போது பித்தக்கல் உண்டாகும் வாய்ப்புக் கூடுகிறது. முதுகு வரை பாயும் கடுமையான வயிற்றுவலி வந்தால் வாயுத்தொல்லை என்று வீட்டில் கிடக்காமல் உடனே வரச் சொன்னார். கண்ணைப் பரிசோதித்துவிட்டுத்தான் தொடங்கினார். பல ஆண்டு ஏறிக்கிடந்த சர்க்கரை திடீரென்று இறங்கினால் விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம். செமாகுளுடைட் போடுபவர்களில் மிக அரிதாகப் பார்வை நரம்புக்கு ரத்தம் தடைபட்டுப் பார்வை போகக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் எச்சரித்திருக்கிறது. நான் சர்க்கரைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிளிமெபிரைடு மாத்திரையை, ஊசி தொடங்கிய அன்றே பாதியாகக் குறைத்தார். அதைக் குறைக்காமல் இந்த ஊசியைச் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும் என்றார். எந்த அறுவைச் சிகிச்சை என்றாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெறும் வயிறு என்று நினைக்கும்போது வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கக்கூடும்.

பிறகு தசையைப் பற்றிப் பேசினார். இறங்கும் எடை முழுவதும் கொழுப்பில்லை, அதில் கணிசமான பங்கு தசை. 60 வயதுக்கு மேல் தசையை இழந்தால் விழுவோம், விழுந்தால் இடுப்பு முறியும். நெத்திலியோ சாளையோ, முட்டையோ பயறோ ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும் என்றும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை விடக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். பசி போனபின் சாப்பிடுவதே ஒரு வேலை ஆகிவிடுகிறது. என் அம்மா வழி வந்த புளிமீன்கறி முதல் இரண்டு மாதம் எனக்கு ருசிக்கவே இல்லை. அதை இழப்பாகத்தான் உணர்ந்தேன். பசியே இல்லாத ஒருவர் டம்ளர் டம்ளராகக் காப்பியை மட்டும் குடித்து நாளை ஓட்டுவதையும் இந்த ஊரில் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். செமாகுளுடைட் நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரைபோல இது தொடரும் சிகிச்சை. மவுன்ஜாரோ வந்த புதிதில் 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். மாதம் நான்கு குப்பி, 17,500 ரூபாய். என் மகன் வளைகுடாவில் இருப்பதால் எனக்கு அது முடிந்தது. “எத்தனை வருடம் உங்களால் முடியும் என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்” என்று சொல்லி, முதல் நாள் ஊசி எழுதாமலேயே அனுப்பினார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

கல்யாணத்துக்கு முன் பெண்கள் இதை வாங்குவது எனக்கு இன்னொரு காரணத்தாலும் கலக்கம் தருகிறது. நம் ஊரில் தாலி கட்டிய மறுமாதமே “விசேஷம் உண்டா?” என்று கேட்பார்கள். செமாகுளுடைட்டை, கருத்தரிக்கத் திட்டமிடும் காலத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். எடை குறைந்தால், மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்களுக்கு எதிர்பாராமல் கரு தங்கவும் செய்யும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனையே குறைக்கக்கூடும். கல்யாண நாளை மட்டும் விசாரித்துவிட்டுப் பேனாவைக் கொடுத்த அந்தக் கடைக்காரர், அந்த நாளுக்கு அடுத்த மாதத்தை நினைத்திருப்பாரா?

எடைக்குறைப்பு மருந்தால் ஏமாந்த பழைய கணக்கும் நமக்கு இருக்கிறது. இதய வால்வைக் கெடுத்த ஃபென்ஃபுளூரமின் 1997-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. சிபுட்ரமின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியது தெரிந்து, 2011-இல் இந்தியாவிலும் தடையானது. ஜிஎல்பி-1 மருந்துகள் அவற்றைவிட நெடுநாள் சோதிக்கப்பட்டவை, இதயத்துக்கு நன்மை காட்டியவை. அதனால்தான் இவற்றையும் கண்டபடி விற்றுக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். செமாகுளுடைட்டின் காப்புரிமை 2026 மார்ச்சில் இந்தியாவில் முடிந்து, மலிவான தயாரிப்புகளுக்கு வழி திறந்துவிட்டது. விலை இறங்குவது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதிக விலை என்ற வேலி இருக்கும்போதே அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆனது. வேலி சரிந்தபின் காவல் நீங்கள்தான்.

மருந்துக்கடைச் சகோதரர்களே, இது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து என்று அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. சீட்டில்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். எந்த அளவுப் பேனா, எத்தனையாவது மாதம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஐஸ் பையில் கொடுங்கள். தொகுதி எண் (பேட்ச் நம்பர்) போட்ட ரசீது கொடுங்கள். போலி செமாகுளுடைட் நடமாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனிலேயே எச்சரித்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் கொடுத்துவிடுவாரே, வியாபாரம் போய்விடுமே என்பீர்கள். உங்கள் சங்கத்தில் எல்லோரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் தீர்க்க முடியாததா இது? “ஒரே மாதத்தில் 10 கிலோ” என்று சாலையோரம் பலகை வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உடல்பருமனைப் போக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடை செய்திருக்கிறது. பருமன் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது.

மருத்துவர்களே, எல்லோருக்கும் நாற்பது நிமிடம் ஒதுக்க முடியாது என்பதை அறிவேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். பத்து நிமிடம் போதும். பருமனானவரைக் கண்டால் முதல் வாக்கியமாக வாயைக் கட்டச் சொல்லாதீர்கள். வாந்தியோடு ஓர் இளம்பெண் வந்தால் எடை ஊசி உண்டா என்று, அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவும் அவர்களில் ஒருவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், போன வருடம் இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட். தலையில் கூடையோடு முட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவர் முழங்கால் நடுங்குவதைப் பார்க்கிறேன். இந்த மருந்து யாருக்கென்று ஒருவரைக் காட்டச் சொன்னால் என்னைவிட முன்னால் அவரைத்தான் காட்டுவேன். உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சர்க்கரையோடும் பருமனோடும் இதய நோயோ சிறுநீரக நோயோ சேர்ந்தவர்களுக்காக. அரசு மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்களுக்கு இது கிடைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கேளுங்கள். நான் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் மேலே காது கொடுப்பார்கள்.

பிள்ளையின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. வாந்தியில் மெலிந்ததால் ரவிக்கையை மறுபடி பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. மணமேடையில் அவள் கையில் குளுக்கோஸ் ஊசி குத்திய நீலத்தழும்பை மறைக்க வளையல்களை முழங்கை வரை ஏற்றியிருந்தார்கள். மீதி மருந்தோடு அந்தப் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை, பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில், எளிய தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். என் டாக்டர் படித்துத் திருத்திக் கொடுத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள எந்தக் கடைக்காரர் கேட்டாலும், காத்திருப்போர் அறையில் மாட்ட எந்த மருத்துவர் கேட்டாலும் என் செலவில் அச்சடித்து நானே கொண்டுவந்து தருகிறேன். தக்கலையிலிருந்து இரணியல் வரை உள்ள கடைகளுக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் நடந்தே வருவேன். இப்போது என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடிகிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை
தக்கலை வட்டாரம்